பரங்கி இல்லைன்னு சொன்ன பாதிரியார்

தாம்பரத்திலேர்ந்து பீச் போற மின்சார ரயில்ல நாம தினமும் கடக்கிற ஸ்டேஷன் பரங்கிமலை. அந்தப் 'பரங்கி'ங்கிற ஒத்தைச் சொல்லோட வாழ்நாள் பூரா மல்லுக்கட்டினவர் ஒருத்தர் உண்டு. தத்துவ போதகர் என்ற இராபர்ட் தெ நோபிலி.

1577ல் இத்தாலியில் பிறந்தவர், 1606ல் மதுரைக்கு வந்தார். அப்போ கிறிஸ்தவராவதுன்னா பரங்கி, அதாவது போர்த்துகீசியர் கூட்டத்தில் சேர்றதுன்னுதான் ஊரில் அர்த்தம். மனுஷன் காவி கட்டினார், புலாலை விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். கூட இருந்த பாதிரிமாரே புகார் சொல்ல, வழக்கு ரோம் வரை போச்சு. 1623ல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனத்தை அனுமதிச்சார்.

செய்யுளுக்கே மதிப்பிருந்த காலத்தில் இவர் உரைநடையில் எழுதிக் குவிச்சார். 'ஞானோபதேசம்' விசுவாசத்தை விளக்கும். 'ஆத்தும நிர்ணயம்' ஆன்மாவைப் பத்திப் பேசும். 'தூஷண திக்காரம்' பழிச்சொற்களுக்குப் பதில்.

ஆனா ஒண்ணு. பரங்கி முத்திரையைத் துடைச்சவர் சாதி வேலியைத் தொடலை. உயர்சாதி எனப்பட்டவங்களுக்குத் தனி குரு. மற்றவங்களுக்கு 1640லிருந்து பண்டாரசாமிகள். சாதிக்கொரு கல்லறைன்னு பிரிஞ்சு கிடக்கிற ஊர்கள் இன்னிக்கும் தமிழ்நாட்டில் இருக்கு.

பார்வை மங்கி, 1656ல் அவர் இறந்தது எங்கே தெரியுமா? மயிலாப்பூரில். அப்போ அது பரங்கியர் கையில் இருந்த ஊர்!

அவர் தமிழுக்குத் தந்ததையும் சாதிக்கு விட்டுக்கொடுத்ததையும் சேர்த்தே படிக்கணும்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?