எண்ணூர் எண்ணெய்க் கசிவுகளும் ‘கண்டறியப்படவில்லை’ என்னும் சான்றும்

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் கப்பல்கள் மோதியதில் எரியெண்ணெய் கடலில் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் பரவியது. இவற்றின் வரலாற்றை எழுதுவோர்க்கு நீர், மீன், வண்டல் ஆகியவற்றின் ஆய்வக அறிக்கைகள் முதன்மைச் சான்றுகளாகும். அவற்றை ஒப்பிடுவதில் இடர்ப்பாடு உண்டு.

எண்ணெயிலுள்ள பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களை அளக்கும் முறைகளுள் ஒன்று நீர்ம வண்ணப்பிரிகை. இம்முறையில் ஒரு சேர்மத்தின் குறிகை, உணரியின் இரைச்சலைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு இருந்தால் அது கண்டறியப்பட்டதாகவும், 10 மடங்கு இருந்தால் அளவிடத்தக்கதாகவும் கொள்வது வழக்கம். முறை மாறாவிடினும் கருவி மாறினால் இரைச்சல் மாறும். விளக்கின் தேய்வு, காற்றுக் குமிழ், கரைப்பான்கள் சீராகக் கலவாமை, தரவு பதியும் வேகம் ஆகியன அதன் காரணங்கள். கரைப்பான் ஓட்டத்தை நிறுத்தியபின்னும் இரைச்சல் நீடித்தால் விளக்கையோ மின்னணுப் பகுதியையோ ஐயுறலாம். அடங்கினால் எக்கி, கலப்பான், குமிழ் ஆகியவற்றை ஆராயவேண்டும்.

ஆகவே ‘கண்டறியப்படவில்லை’ என்பது ‘இல்லை’ என்பதன்று. அக்கருவியின் இரைச்சலுக்குமேல் எழவில்லை என்பதே அதன் பொருள். கண்டறிதல் எல்லை குறிக்கப்படாத அறிக்கையைக்கொண்டு, கழிமுகத்தை நம்பி வாழும் மீனவரின் இழப்பை மறுப்பது சான்று தாங்காத முடிவாகும்.