கடலுக்குச் சொல் இரவல் வாங்கியவர்கள்

"மேற்குலக நாகரிகத்தின் தொட்டில் கிரேக்கம்." பாடசாலையில் இந்த வசனத்தை மனனம் செய்து, பரீட்சையில் எழுதி, புள்ளியும் வாங்கியவர்கள்தான் நாம் எல்லோரும். தொட்டில் சரி. அதற்கு மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது, தச்சன் யாரிடம் தொழில் பழகினான் என்று நாங்கள் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

இப்போது முகநூலில் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று சுற்றுகிறது. கிரேக்கரிடம் சொந்தச் சரக்கு எதுவும் இருக்கவில்லையாம், எகிப்திலும் ஈராக்கிலும் களவெடுத்ததைத்தான் தங்கள் பெயரில் விற்றார்களாம். நம்மவர்கள் மாஷா அல்லாஹ் போட்டு இதைப் பகிர்கிறார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை, "அப்படியென்றால் எல்லாம் களவா சேர்?" என்று கேட்டுவிட்டது. ஒரு பாடவேளைக்குள் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி அல்ல. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். கிரேக்க நிலத்தில் ஏறத்தாழ 80 வீதம் மலை. பிண்டஸ் மலைத்தொடர் நாட்டின் முதுகெலும்பு போல வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. மலைகளுக்கு நடுவே உள்ளங்கை அளவு சமவெளிகள். ஒரு சமவெளியிலிருந்து அடுத்த சமவெளிக்குப் போவதென்றால் மலையேறி இறங்க வேண்டும். ஆறுகளோ கோடையில் பாதி வற்றிவிடும். நைல் இல்லை, யூப்ரடீஸ் இல்லை. அப்படியொரு பெருநதி ஓடியிருந்தால் அதன் இரு கரைகளையும் ஓர் அரசன் வளைத்துப் பிடித்திருப்பான் என்பது என் எண்ணம். இங்கே ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனக்கென ஒரு நகரம், ஒரு கோயில், ஒரு சட்டம், ஒரு சண்டை என்று தனித்தனியாக வாழ்ந்தது. கிரேக்க நகர அரசுகள் ஆயிரத்துக்கும் மேல். கியோஸ் என்ற தீவின் பரப்பு ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர்தான். அதற்குள் நான்கு நகர அரசுகள் இருந்தன! 2,500 சதுர கிலோமீற்றர் அளவான ஏதென்ஸின் அட்டிக்கா இவற்றுக்கு நடுவே ஒரு பூதம்.

மண்ணும் வளமானதல்ல. மழை குளிர்காலத்தில் மட்டும். வாற்கோதுமை விளையும். மலைச்சரிவில் திராட்சையும் ஸைத்தூனும் வரும். ஆனால் வயிற்றை நிரப்பும் கோதுமைக்குப் பஞ்சம். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸின் சட்டங்களைத் திருத்திய சோலோன், ஸைத்தூன் எண்ணெயைத் தவிர வேறு எந்த விளைபொருளையும் வெளியே விற்கக் கூடாது என்று தடை போட்டார். பிற்காலத்தில் ஏதென்ஸின் கோதுமை கருங்கடல் பக்கமிருந்து ஓர் ஒடுங்கிய நீரிணை வழியாகக் கப்பலில் வந்தது. கி.மு. 405இல் ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர் அந்த நீரிணையில் ஏதென்ஸின் கடற்படையை அழித்தார். பட்டினி தாங்காமல் அடுத்த ஆண்டு ஏதென்ஸ் சரணடைந்தது. இருபத்தேழு ஆண்டுப் போரை முடித்தது வாள் மட்டுமல்ல, சோறும்தான்.

மலை பிரித்ததைக் கடல் சேர்த்தது. கிரேக்கத்தின் எந்த மூலையும் கடலிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீற்றருக்கு அப்பால் இல்லை. ஈஜியன் கடலில் தீவுகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. ஒரு தீவு கண்ணிலிருந்து மறையுமுன் இன்னொன்று தெரியும். கடல் பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அந்தப் பள்ளிக்கூடம் கிரேக்கர் வருமுன்னரே திறந்துவிட்டது என்பதுதான் விசயம். பெலோப்பொனீஸில் பிராங்க்தி என்றொரு குகை உண்டு. அதில் எரிமலைக் கண்ணாடிக் கல்லாலான கருவிகள் கிடைத்தன. அந்தக் கல் மேலோஸ் தீவிலிருந்து வந்தது. அப்பகுதியில் விவசாயமே தொடங்காத காலத்தில், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, யாரோ கடல் கடந்து போய்க் கல் எடுத்து வந்திருக்கிறார்கள். அவர்கள் பேசிய மொழியை எவரும் அறியார். கிரேக்கம் அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

கிரேக்க மொழி பேசியவர்கள் பிறகுதான், வடக்கேயிருந்து தரைவழியாக வந்தார்கள். இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒரு சொல். கடலுக்குக் கிரேக்கர் சாதாரணமாகச் சொன்ன சொல் 'தலஸ்ஸா'. இது கிரேக்க வேரிலிருந்து பிறந்ததல்ல, அங்கே முன்பு வாழ்ந்தவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்பது பெரும்பாலான மொழியியலாளர்களின் முடிவு. கடலைக் குறிக்க அவர்கள் கையில் இருந்த சொந்தச் சொற்கள் 'ஹல்ஸ்', 'பொந்தோஸ்' போன்றவை. முதலாவதற்கு உப்பு என்றும் பொருள். இரண்டாவது, வழி என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. உப்பு என்றும் வழி என்றும் சுற்றிவளைத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் கடற்கரைக்காரரின் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். கொரிந்த், லாபிரிந்த், நோசொஸ், பர்னசொஸ் என்று இந்த ஒலியில் முடியும் பெயர்களும் அந்தப் பழைய மக்கள் விட்டுப்போனவைதான்.

அந்தப் பழைய மக்களில் நமக்கு அதிகம் தெரிந்தவர்கள் கிறீட் தீவின் மினோவர்கள். ஆர்தர் எவன்ஸ் 1900இல் நோசொஸில் தோண்டத் தொடங்கியபோது பல மாடி அரண்மனை, வடிகால், ஆளுயரத் தாழிகள் நிறைந்த களஞ்சியம் எல்லாம் வெளியே வந்தன. அவர்களுடைய எழுத்தை இன்றுவரை யாராலும் வாசிக்க முடியவில்லை. பெருநிலத்தில் மைசீனியில் இருந்த கிரேக்கர்கள் அந்த எழுத்தைத் திருத்தித் தங்கள் மொழிக்கு மாற்றிக்கொண்டார்கள். இந்த இரண்டாவது எழுத்தை 1952இல் வாசித்தவர் மைக்கல் வென்ட்ரிஸ். அவர் தொழிலால் ஒரு கட்டடக்கலைஞர், பேராசிரியர் அல்ல. வாசித்துப் பார்த்தால் கவிதையும் இல்லை, காவியமும் இல்லை. இத்தனை ஆடு, இத்தனை கம்பளி, இத்தனை எண்ணெய் என்று அரண்மனைக் கணக்கப்பிள்ளை எழுதிய கணக்கு! கி.மு. 1200ஐ ஒட்டி அந்த அரண்மனைகள் எரிந்தன. கணக்கு முடிந்தது, எழுத்தும் செத்தது. அடுத்த நானூறு ஆண்டுகள் கிரேக்கத்தில் எழுத்து இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மைசீனியருக்கும் அதே மலைதான், அதே கடல்தான். ஆனால் அவர்கள் கட்டியது அரசனையும் அரண்மனையையும். மக்கள் சபையை அல்ல. ஆகவே "புவியியல்தான் கிரேக்கத்தைப் படைத்தது" என்று விடைத்தாளில் எழுதினால் நான் அரைப் புள்ளிதான் போடுவேன்.

மீதி அரைப் புள்ளி லெபனான் கரையில் இருக்கிறது. தீர், சீதோன் என்று புத்தகங்களில் வரும் ஊர்கள்தான் இன்று அரபியில் ஸூர், ஸைதா. அங்கே வாழ்ந்த பினீசியர் கப்பலோட்டிகள், வணிகர்கள். முதுகில் லெபனான் மலை, முகத்தில் கடல், நடுவில் ஒவ்வொன்றும் தனி அரசான துறைமுகங்கள். கிரேக்கரைப் போலவே இல்லையா? அவர்களிடம் 22 எழுத்துகள் கொண்ட ஓர் அரிச்சுவடி இருந்தது. கி.மு. 8ஆம் நூற்றாண்டளவில் அதைக் கிரேக்கர் கற்றுக்கொண்டார்கள். இதை அவர்கள் மறைக்கவும் இல்லை. தங்கள் எழுத்துகளைப் 'பினீசிய எழுத்து' என்றே அழைத்தார்கள், ஹெரோடோட்டஸும் அப்படியே எழுதிவைத்தார்.

ஓதப்போன பிள்ளைகளுக்கு நான் வேறு சான்று காட்டத் தேவையில்லை. அல்பா, பீட்டா என்ற பெயர்களுக்குக் கிரேக்க மொழியில் ஒரு பொருளும் கிடையாது. பினீசியரின் 'அலெப்' என்றால் மாடு. 'பேத்' என்றால் வீடு, நமது 'பைத்'தேதான். அரபு எழுத்துகளின் பழைய வரிசை அலிஃப், பா, தா அல்ல. அப்ஜத், ஹவ்வஸ், ஹுத்தீ, கலமன் என்று போகும். அந்தக் கலமனில் இருப்பது காஃப், லாம், மீம், நூன். கிரேக்கத்தில் கப்பா, லம்டா, மியூ, நியூ. ஆங்கிலத்தில் கே, எல், எம், என். மூவாயிரம் ஆண்டுகளாக அந்த நால்வரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார்கள்.

சரி, அப்படியே பிரதி எடுத்துவிட்டார்களா? இல்லை. பினீசிய எழுத்தில் மெய்கள் மட்டும்தான். உயிரொலியை வாசிப்பவரே ஊகிக்க வேண்டும். கிரேக்கருக்குச் சில செமித்திய ஒலிகள் வாயில் வரவில்லை. தொண்டையிலிருந்து வரும் 'ஐன்' அதில் ஒன்று. நமக்கே அதைச் சரியாக உச்சரிக்க உஸ்தாதிடம் எத்தனை நாள் போனது! அவர்களோ வேலையற்றுக் கிடந்த அந்த எழுத்துக்கு 'ஒ' என்ற உயிரொலியைக் கொடுத்தார்கள். அலெப் 'அ' ஆனது. இவ்வாறு உயிரும் மெய்யும் தனித்தனி எழுத்தாக நின்ற அரிச்சுவடி பிறந்தது. சில மாதங்களில் யாரும் பழகிவிடலாம். மைசீனியரின் எழுத்தில் ஏறத்தாழ 90 அசைக் குறிகள், அதற்கு மேல் பொருட்களுக்கான சின்னங்கள். அதைக் கையாண்டது அரண்மனைக்காரர் மட்டுமே. புதிய எழுத்தில் கிடைத்துள்ள மிகப் பழைய வாசகங்களில் இரண்டு, ஒரு மதுக் குவளையிலும் நடனப் போட்டியைப் பற்றிய ஒரு கூசாவிலும் கீறப்பட்டவை. விசயம் நமக்கு ஒத்துவராதுதான். ஆனாலும் எழுத்து கணக்கப்பிள்ளையின் கையை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மலையும் எழுத்தும் சந்திக்கும் இடத்தைக் காட்ட நான் எடுக்கும் ஊர் டிரெரோஸ். கிறீட்டில் ஒரு சின்ன மலையூர். கி.மு. 650 அளவில் அங்கே கோயில் சுவரில் ஒரு சட்டம் வெட்டினார்கள். ஊரின் தலைமைப் பதவியில் ஒருமுறை இருந்தவர், பத்து ஆண்டுகள் கழியாமல் மீண்டும் அந்தப் பதவிக்கு வரக் கூடாது. கல்லில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கிரேக்கச் சட்டம் இது. ஊர் சிறியது, எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள், ஒருவன் நிரந்தரமாகக் கதிரையில் ஒட்டிக்கொள்ளப் பார்ப்பான் என்ற பயம் இருந்தது. இதை மலை கொடுத்தது. அந்தப் பயத்தை எல்லோரும் பார்க்கும் சுவரில் எழுதிவைக்கும் கருவியைப் பினீசியர் கொடுத்தார்கள். எழுதவேண்டும் என்று தீர்மானித்தது டிரெரோஸ்காரர். களவா என்று கேட்ட பிள்ளைக்கு என் பதில் இந்தச் சுவர்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். நாணயம் அடிப்பதைப் பக்கத்து லிடியரிடம் பழகினார்கள். நேரத்தைப் பன்னிரண்டாகப் பிரிப்பது பாபிலோனியரிடமிருந்து வந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். எகிப்துக்குக் கூலிப்படையாகப் போன கிரேக்கர்கள் அபு சிம்பலில் இரண்டாம் ராம்சேஸ் சிலையின் காலில் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டு வந்திருக்கிறார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் ஆரம்பம் அது. சுற்றுலாப் போன இடத்தில் சுவரில் பெயர் எழுதும் நம் பையன்களுக்கு முன்னோடிகள்! அந்த எகிப்தில் கண்ட சிலைகளைப் பார்த்துத்தான் இடது கால் முன்வைத்து, கைகளைத் தொங்கவிட்டு நிற்கும் இளைஞர் சிலைகளைச் செய்தார்கள். ஆனால் எகிப்தியச் சிற்பி உடலோடு சேர்த்து விட்டுவைக்கும் கல்லை இவர்கள் வெட்டி எடுத்துவிட்டார்கள். சிலை தனியாக நின்றது. சில தலைமுறைகளில் அது இடுப்பை வளைத்து உயிரோடு நிற்பது போல ஆகிவிட்டது.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையும் அல்ல. எழுத்துகளை எண்களாகப் பயன்படுத்துவதில், கிடைத்துள்ள சான்றுகளின்படி கிரேக்கரே முந்தியவர்கள். அல்பா 1, பீட்டா 2, கப்பா 20, லம்டா 30. நமது அப்ஜத் கணக்கிலும் அலிஃப் 1, பா 2, காஃப் 20, லாம் 30. பிஸ்மிக்குப் பதிலாகச் சிலர் கடிதத் தலைப்பில் 786 என்று எழுதுகிறார்களே, அந்த எண் இந்தக் கணக்கில் கூட்டி வந்ததுதான். பிறகு 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், யூனானி வைத்தியர்கள் ஜாலீனூஸ் என்று சொல்லும் கேலனின் நூல்களை மொழிபெயர்த்தார். அவர் ஒரு கிறிஸ்தவர். அந்த மொழிபெயர்ப்புகளின் மேல் நின்று அர்-ராஸியும் இப்னு சீனாவும் எழுதியதை நாம் களவு என்பதில்லை, பெருமையோடு நமது பங்களிப்பு என்கிறோம். அதே தராசைக் கிரேக்கருக்கும் பிடிக்க வேண்டாமா?

யூனானி என்ற சொல்லையே பாருங்கள். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் அயோனியா என்று கிரேக்கக் குடியேற்றங்கள் இருந்தன. அதன் பெரிய துறைமுகம் மிலேட்டஸ். கிரேக்கத் தத்துவம் ஏதென்ஸில் அல்ல, அங்கேதான் தேலீஸோடு தொடங்கியது என்பார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. லிடியாவின் தரைவழியும் எகிப்தின் கடல்வழியும் வந்து முட்டும் சந்தை அது. நாலு ஊர்க்காரர் நாலு விதமாக உலகம் உண்டான கதையைச் சொல்லும் இடத்தில், இதில் எதுதான் சரி என்று ஒருவன் கேட்கத்தானே செய்வான்? மியாண்டர் ஆறு கொட்டிய வண்டலால் அந்தத் துறைமுகம் இன்று கடலிலிருந்து பல கிலோமீற்றர் உள்ளே கிடக்கிறது.

கிழக்கத்தையவர்கள் முதலில் அறிந்த கிரேக்கர் இந்த அயோனியர்தான். அதனால் எல்லாக் கிரேக்கருக்கும் அதுவே பெயரானது. பாரசீகத்தில் யௌன, அரபியில் யூனான், பாளியில் யோன, தமிழில் யவனர். தமிழிலும் பாளியிலும் இந்தப் பெயர் மெல்ல மெல்ல மேற்கேயிருந்து கடல்வழியாக வந்த எல்லோருக்கும் பரவி, அரபு வணிகரையும் குறிக்கலாயிற்று. யோனகர், சோனகர். நமது பிறப்புச் சான்றிதழ்களில் 'இலங்கைச் சோனகர்' என்று இருக்கும் சொல் அங்கிருந்து வந்தது என்றே சொல்லாய்வாளர் பலரும் கொள்கிறார்கள். நாளைக்கு யாராவது "நாங்கள் கிரேக்க வம்சம்" என்று பதிவு போட்டுவிடாதீர்கள். பெயர்தான் கப்பலேறி வந்தது.