மாட்டுத்தாவணி: ஒரு பெயரின் வரலாறு

மதுரைக்கு வரும் வெளியூர் அன்பர் பலர், பேருந்தைவிட்டு இறங்கியதும் வினவும் வினா ஒன்றுண்டு: “மாட்டுக்கும் தாவணிக்கும் என்ன தொடர்பு?” இளம்பெண்டிர் அணியும் தாவணியையே அவர்கள் அறிவர். இங்கு வழங்கும் தாவணியோ மாடு கட்டும் கயிறு. மாடுகளை வரிசையாகப் பிணிக்கும் நெடுங்கயிற்றின் பெயர், அவை பிணிக்கப்பட்டு நின்ற களத்துக்கும், பின்னர் அக்களத்தில் கூடிய சந்தைக்கும் ஆயிற்று. மதுரைக்காஞ்சி பாடும் நாளங்காடியையும் அல்லங்காடியையும் நாம் மேடைதோறும் போற்றுகிறோம். உழவர்தம் அங்காடியாகிய தாவணியைப் பற்றிப் பேசியோர் சிலரே.

மதுரையின் பெரிய மாட்டுச் சந்தை சித்திரைத் திருவிழாவையொட்டிக் கூடியது. மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றியவரும், தேனூரில் நிகழ்ந்த அழகர் ஆற்றிறங்கும் விழாவை மதுரைக்குக் கொணர்ந்தவரும் திருமலை நாயக்கர் (1623–1659) என்பது வழிவழிச் செய்தி. இம்மாற்றத்துக்குச் சமய நோக்கம் மட்டுமன்றி வேளாண் நோக்கமும் உண்டு எனக் கருத இடமுள்ளது. தையிலும் மாசியிலும் அறுவடை முடிகிறது. சித்திரையில் நிலம் ஓய்ந்திருக்கும். உழவர் கையில் நெல் விற்ற காசும் இருக்கும். ஆடிப்பட்டத்துக்கு முன் ஏர்மாடு தேடவேண்டிய காலமும் அதுவே. அழகரைக் காண வண்டிகட்டி வந்த குடும்பம், மாடு விற்றும் வாங்கியும் திரும்பியது. அழகர் கோயிலுக்கும் நாட்டுப்புற மக்களுக்கும் இடையே நிலவிய உறவைப் பேராசிரியர் தொ. பரமசிவன் தமது ‘அழகர் கோயில்’ (1989) ஆய்வில் விரித்துரைத்துள்ளார்.

1895-இல் பெரியாற்று நீர் வைகையில் கலந்தபின் மதுரை, மேலூர்ப் பகுதிகளின் வானம்பார்த்த நிலங்கள் பல நஞ்சையாயின. உழும் நிலம் பெருக, ஏர்மாட்டின் தேவையும் பெருகியிருக்கும். மேலூர்ச் சாலையில் அமைந்த தாவணியின் இருப்பிடமே இதற்குப் பொருந்திய சான்றாக நிற்கிறது.

சந்தைக்குப் புறப்படும் ஆயத்தம் ஒரு விழாவுக்கு நிகரானது. என் தாய்வழிப் பாட்டனார் ஒரு மாதம் முன்பே பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கூட்டி வைப்பாராம். கொம்பு சீவி, எண்ணெய் தடவி, குளிப்பாட்டி, லாடம் கட்டி, சலங்கை பூட்டி, வெயிலுக்கு முன் இரவிலேயே நடத்திச் செல்வாராம். இவை என் அன்னை கூறக் கேட்டவை.

சந்தையில் மாட்டின் வாயே அதன் பிறப்புச் சான்று. கீழ்த்தாடையின் முன்பல் எட்டு. இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என வயது எண்ணப்படும். எட்டும் நிறைந்துவிட்டால் பல் சேர்ந்த மாடு; அதற்குமேல் வயதைப் பல்லின் தேய்மானமே சொல்லும். அடுத்து, சுழி பார்ப்பர். கோபுரச்சுழி நலம் தரும். பாடைச்சுழி விலையைக் குறைக்கும். பிறகு பேரம். தோளில் கிடந்த துண்டு இரு கைகளை மூட, அதனடியில் விரல்கள் பேசும். பற்றிய விரலே எண். சூழ நிற்பவர் எவரும் விலை அறியார். எழுத்தும் சாட்சியுமின்றித் தொடுகையில் முடிந்த அந்த ஒப்பந்தத்தை மீறுவது பெரும்பழி.

விலை முடிந்தபின் கயிறு மாற்றும் வழக்கம் உண்டு. வாங்கியவர் புதுக்கயிறு பூட்டுவார்; விற்றவர் பழைய கயிற்றை வீட்டுக்குக் கொணர்வார். மாடு போகலாம், மனையின் செல்வம் போகலாகாது என்பது நம்பிக்கை. மாடு என்னும் சொல்லையே செல்வம் என்னும் பொருளில் வள்ளுவர் ஆண்டதை இங்கு நினைக்கலாம். ஒருமுறை மூத்த காளையை விற்றுவந்த பாட்டனார், கயிற்றைத் தொழுவத்து உத்தரத்தில் தொங்கவிட்டு, அன்றிரவு உண்ணாது படுத்தாராம். அந்தக் கயிற்றில் வேறு மாட்டை அவர் கட்டவேயில்லை.

உழுவை இயந்திரம் வந்தது, ஏர்மாடு குறைந்தது. 1999-இல் மாட்டுத்தாவணியில் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. பின்னர்ப் பூச்சந்தையும் காய்கறிச் சந்தையும் அப்பகுதிக்கு வந்து சேர்ந்தன. நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்டபின்பும் நடத்துநர் “மாட்டுத்தாவணி” என்றே கூவுகிறார். இயந்திரத்தைப் பழித்துப் பயனில்லை. கலப்பையின் பின் நடந்து கால் வெடித்தவர்க்கு அது விடுதலை. ஆயினும் பல் சேர்ந்த மாடு, கயிறு மாற்றுதல் போன்ற தொடர்களைப் பொருளறிந்து சொல்வோர் அருகி வருகின்றனர். அகராதி ஏறாமலே மறையும் சொற்கள் இவற்றுள் பல.

பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணிவரும் நம் வட்டத்து அன்பர்கள், தத்தம் ஊர் முதியோரிடம் அமர்ந்து இச்சொற்களைக் கேட்டெழுத வேண்டும் என்பது என் விழைவு. மாடுகள் போய்விட்டன. மதுரை இன்னும் அவிழ்க்காமல் வைத்திருக்கும் கயிறு, அந்தப் பெயர்.