அணைய மறுத்த மஞ்சள் லைட்: பிக்கப் டிரக்குக்கு ஏபிஎஸ் வந்த கதை

இன்னைக்கு ராஜா, போர் எதுவும் இல்ல. டேஷ்போர்டுல எரியிற ஒரு சின்ன மஞ்சள் லைட்டோட வரலாறுதான்.

அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல படிச்சப்போ ஒரு பழைய பிக்கப் டிரக் வாங்கினேன். 90கள்ல வந்த வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். மூணாவது நாளே ஏபிஎஸ் லைட் எரிஞ்சுது. பிரேக் என்னவோ நல்லாத்தான் பிடிச்சுது. ஒர்க்‌ஷாப்ல "கம்ப்யூட்டர் போச்சு"ன்னாங்க. கழிச்சுப்போட்ட வண்டியிலேர்ந்து ஒண்ணைக் கழட்டி வாங்கி மாட்டினோம். 2 மைல் போறதுக்குள்ள லைட் திரும்ப வந்துடுச்சு. இந்த லைட் என்னதான் சொல்ல வருதுன்னு தேட ஆரம்பிச்சது அப்போதான்.

கதை ரோட்டுல தொடங்கல, ரன்வேல தொடங்குது. விமானம் தரையிறங்கும்போது சக்கரம் பூட்டிக்கிட்டா டயர் தேய்ஞ்சு வெடிக்கும். 1950களின் தொடக்கத்துல பிரிட்டன்ல டன்லப் கம்பெனி 'மேக்ஸாரெட்'னு ஒரு கருவி செஞ்சாங்க. உள்ள ஒரு குட்டி ஃப்ளைவீல். சக்கரம் சட்டுன்னு நின்னாலும் ஃப்ளைவீல் சுத்திக்கிட்டே இருக்கும். அந்த வித்தியாசமே ஒரு வால்வைத் திறந்து பிரேக் அழுத்தத்தைக் குறைச்சுடும். எலக்ட்ரானிக்ஸ் எதுவுமே கிடையாது! 1966ல இதே மேக்ஸாரெட் ஜென்சன் எஃப்எஃப் காருக்கு வந்துச்சு. 1971ல கிரைஸ்லர் இம்பீரியல், 1978ல பாஷ் தயாரிப்போட மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ். எல்லாமே பணக்காரங்க கார்.

பிக்கப்போட பிரச்சினை வேற. பின்னாடி சுமை ஏத்துற தொட்டி காலியா இருக்கும்போது வண்டியோட எடை பெரும்பாலும் முன்னாடிதான். பிரேக் அடிச்சா மிச்ச எடையும் முன்னாடி சாயும். பின்சக்கரம் லேசாகி, பூட்டிக்கிட்டு, வால் பக்கம் சுழட்டிக்கிட்டு வரும். அதே வண்டியில அரை டன் சிமெண்ட் ஏத்தினா கணக்கே மாறிடும். ரெண்டு நிலைமைக்கும் பொருந்துற மாதிரி ஒரே பிரேக்கை எப்படி அமைப்பீங்க?

1987ல ஃபோர்டு எஃப்-150ல வந்த பதில், பின்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ். ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு சென்சார், அதுவும் டிஃபரென்ஷியல் மேல. அங்க சுத்துற பல் வளையம் ரெண்டு பின்சக்கரங்களோட சராசரி வேகத்தைக் காட்டும். மலிவான, புத்திசாலித்தனமான வேலைன்னுதான் சொல்வேன். ஆனா பாதித் தீர்வு. ஓங்கி மிதிச்சா முன்சக்கரம் பூட்டிக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராவே போகும்.

என் வண்டியும் இந்த வகைதான். அந்தக் கால சிஸ்டத்துல ஸ்கேனர் தேவையில்ல. ஒரு குறிப்பிட்ட ஒயரை ஒரு நொடி கிரவுண்ட் பண்ணா லைட் விட்டு விட்டு எரியும். எத்தனை தடவைன்னு எண்ணி, மேனுவல்ல பார்க்கணும். நான் எண்ணினப்போ வந்த பதில்: வேக சிக்னல் சரியில்ல. கம்ப்யூட்டர்மேல பழியே இல்ல! சென்சாரை உருவிப் பார்த்தா, அதோட முனையில இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருக்கு. முனை காந்தம் இல்லையா, கியர் ஆயில்ல இருந்த தூளையெல்லாம் இழுத்து வெச்சிருக்கு.

லைட் எரியிறதுதான் ஆபத்துன்னு நினைச்சிருந்தேன். லைட் எரிஞ்சா ஏபிஎஸ் தன்னை அணைச்சுக்கிச்சுன்னு அர்த்தம், சாதா பிரேக் இருக்கும். லைட் எரியாமலே தப்பா வேலை செஞ்சா? அதுவும் நடந்திருக்கு. 2005ல ஜெனரல் மோட்டார்ஸ், 1999 முதல் 2002 வரைக்குமான மாடல்கள்ல சுமார் 8 லட்சம் பிக்கப், எஸ்யூவிகளைத் திரும்ப அழைச்சாங்க. பனி உருக ரோட்டுல உப்பு தூவுற மாநிலங்கள்ல ஓடின வண்டிகள். முன்சக்கர சென்சாருக்கு அடியில துரு பிடிச்சு, சென்சாரையே மேல தூக்கிடுச்சு. பல் வளையத்துக்கும் அதுக்கும் இடைவெளி கூடினா சிக்னல் பலவீனமாகும். வேகம் குறையக் குறைய இன்னும் பலவீனம். மெதுவா வந்து சிக்னல்ல நிக்கப் போற நேரத்துல, சக்கரம் பூட்டிக்கிச்சுன்னு கம்ப்யூட்டர் நம்பி, பிரேக்கைத் தளர்த்தும். பெடல் அதிரும், வண்டி நகர்ந்துக்கிட்டே இருக்கும். காரணம் ஒரு துருப் படலம்!

நம்ம ஊர்லயும் 2019 ஏப்ரல்லேர்ந்து 125 சிசிக்கு மேல வர்ற புது பைக்குக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம். அதுலயும் பல் வளையம், சென்சார், இடைவெளி, எல்லாம் அதே கதைதான். சேறு பூசின சென்சாரைத் துடைச்சுப் பார்க்காம பெரிய பார்ட்டை மாத்தச் சொன்னாங்கன்னா, என் கம்ப்யூட்டரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

என் டிரக்? தூளைத் துடைச்சு மாட்டினதும் லைட் அணைஞ்சுது. ஒரு குளிர்காலம் முழுக்க நிம்மதி. மார்ச்ல மறுபடி எரிஞ்சுது. இந்தத் தடவை அந்தப் பல் வளையத்துலயே விரிசல், டிஃபரென்ஷியலைப் பிரிக்கணும். அதுக்கு என்கிட்ட காசு இல்ல. லைட் எரியுது, காரணம் இதுன்னு சொல்லித்தான் வித்தேன். வாங்கினவர் 200 டாலர் குறைச்சுக் கொடுத்தார்.