டாங்கோ: ஒரே அறையில் 36 பேர்

இன்னைக்கு எட்டே நிமிஷம் ஓடுற ஒரு படத்தைப் பத்திப் பேசலாம். பேரு ‘டாங்கோ’. 1980-ல், போலந்தின் வூட்ச் நகரத்தில் உள்ள செ-மா-ஃபோர் ஸ்டுடியோவில் உருவானது. இயக்குநர் ஸ்பிக்னியெவ் ரிப்சின்ஸ்கி.

படம் முழுக்க ஒரே ஒரு சின்ன அறை. ஜன்னல் வழியா பந்து வந்து விழும். ஒரு பையன் ஏறி வந்து எடுத்துட்டுப் போவான். திரும்பவும் பந்து, திரும்பவும் பையன். நடுவுல கைக்குழந்தையோட ஒரு அம்மா வருவாங்க. ஒருத்தர் அலமாரி மேல பொட்டலம் வைப்பார். திருடன் வந்து தூக்கிட்டுப் போவான். இப்படியே 36 பேர் சேர்ந்துடுவாங்க. யாரும் யாரையும் இடிக்க மாட்டாங்க, பார்க்கக்கூட மாட்டாங்க.

கம்ப்யூட்டர் இல்லாம இது எப்படி? ஆப்டிகல் பிரிண்டர்தான். ஒரு பக்கம் புரொஜெக்டர், எதிரே கேமரா. ஏற்கெனவே எடுத்த ஃபிலிமை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, புது ஃபிலிமில் மறுபடி படம் பிடிக்கும் இயந்திரம். ஒரே ஃபிரேமில் இரண்டு பேரை அப்படியே பதித்தால், ஆவி மாதிரி ஒருவருக்குள் இன்னொருவர் தெரிவார். அதனால ஒருத்தர் நிக்கிற இடத்தை, அவர் உருவத்துக்கு ஏத்த மாதிரி மறைக்கணும். அந்த மறைப்புக்குப் பேரு மேட். ரிப்சின்ஸ்கி சுமார் 16,000 மேட்டுகளைக் கையால் வரைந்தார். பல லட்சம் எக்ஸ்போஷர்கள். தினம் 16 மணி நேரம், ஏழு மாதம்.

இதுல ‘அன்டூ’ பட்டன் கிடையாது. ஒரு கீறல் விழுந்தா, ஒரு ஃபிரேம் கணக்கு தப்பினா, அதுவரை பதிச்சவங்களும் சேர்ந்து பாழாவாங்க. நெகட்டிவ் சின்னச் சேதத்தோட தப்பிச்சதே அதிசயம்னு பின்னாடி அவரே சொன்னார்.

எனக்குப் பெருசா தோணுறது இதுதான்: ஒருத்தர் மேல வெளிச்சம் விழணும்னா, மத்தவங்களைப் பதிக்கும்போதெல்லாம் அந்த இடம் இருட்டா இருந்தாகணும். அது இயந்திரத்தோட விதி. பக்கத்துல பக்கத்துல இருந்தும் ஒட்டாத மனுஷங்களோட கதையும் அந்த விதியிலிருந்தே பிறந்துடுச்சு.

1983-ல் சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் ‘டாங்கோ’வுக்குக் கிடைத்தது. நீங்க பார்க்கும்போது யாராவது ஒருத்தரை மட்டும் கவனிங்க. அவரைச் சுத்தி விளிம்பு லேசா நடுங்கும். கையால வரைஞ்ச கோடு அது.