நொடிக்குக் கீழே ஓடிய பிள்ளைகள்

காலத்தைச் சுட்டும் நம் அன்றாடச் சொற்களில் இரண்டு, தம் பழைய பொருளைவிட நீண்டுவிட்டன. ‘நிமிடம்’, கண்ணிமைப்பைக் குறித்த வடசொல்லான ‘நிமிஷ’த்திலிருந்து வந்தது, இன்று அதற்கு அறுபது நொடி. ‘நொடி’ விரலைச் சொடுக்கும் பொழுது; இன்று அது கடிகார முள்ளின் ஓரசைவு. தொல்காப்பியம் மாத்திரையை அளந்தது இந்த இமைப்பையும் சொடுக்கையும் கொண்டுதான். மலையாளத்தில் ‘நிமிஷம்’ இன்னமும் கணம் என்ற பொருளையும் தாங்கி நிற்கிறது. நொடிக்கும் கீழே இறங்க வேண்டுமானால் இரு மொழிகளும் பின்னத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. ‘கணம்’ இருக்கிறதே எனலாம்; இன்றைய வழக்கில் அதற்கு அளவில்லை.

கேரளப் பள்ளி விளையாட்டின் வரலாற்றைப் படிப்பவருக்கு இந்தச் சொல்லின்மை பலமுறை இடறும். அம்மாநிலத்தின் விளையாட்டு நினைவில் ஆழப் பதிந்த துயரமே ஒரு பின்னம்தான். 1984 ஆகஸ்ட் 8 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 நொடி, ருமேனியாவின் கொஜோகாரு 55.41. ஓட்டத்தின் சராசரி வேகத்தில் கணக்கிட்டால் அந்த இடைவெளி ஏறத்தாழ 7 சென்டிமீட்டர், ஒரு விரல் நீளம். வெண்கலம் யாருக்கு என்பதைச் சொன்னது மனிதக் கண்ணன்று, ஒளிப்படம்.

அந்த ஒளிப்படம் எத்தகையது என்பதில்தான் வரலாற்று மாணவர்கள் கவனம் கொள்ள வேண்டும். போட்டோ ஃபினிஷ் கேமராவில் ஷட்டர் திறந்து மூடுவதில்லை. இறுதிக்கோட்டை மட்டுமே நோக்கும் ஒரு மெல்லிய பிளவு இருக்கும். அதன் பின்னால் படச்சுருள் இடைவிடாது நகரும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் தாமே வென்றதாக எண்ணிக் களித்த பார்னி யூவெல்லுக்கு, வென்றவர் ஹாரிசன் டில்லார்ட் என்று காட்டியது இவ்வகைக் கேமராவே. அதில் இடமிருந்து வலம் காண்பது இடமன்று, காலம். எல்லா ஓட்டக்காரர்களும் ஒரே இடத்தில், வெவ்வேறு காலத்தில் பதிவாகிறார்கள். செய்தியாளரின் கேமராவோ இதற்கு நேர்மாறு: ஒரே காலம், மைதானம் முழுவதும். முன்னது யார் வென்றார் என்று சொல்லும். எப்படிப்பட்ட தரையில் ஓடினார் என்று சொல்லாது.

இப்போது பாலக்காட்டுக்கு வருவோம். முண்டூர், பறளி, குமரம்புத்தூர் கல்லடி எனப் பள்ளிகளின் பெயராலேயே தடகளம் அறியப்படும் மாவட்டம் இது. மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் தடகளப் பட்டம் வென்றது. செயற்கைத் தடங்கள் வருவதற்கு முன் மண்ணில் சுண்ணாம்புக் கோடிட்ட களங்கள்தாம். ஆண்டின் கடைசி மாதங்களில் கணவாய்க் காற்று புழுதியைக் கிளப்பும். இங்கே ஓடும் சிறுமியைப் படமெடுப்பது எத்தனை கடினம் என்பதைக் கணக்கால் காட்டிவிடலாம். 100 மீட்டரை 13 நொடியில் கடப்பவள் நொடிக்கு 7.7 மீட்டர் செல்கிறாள். ஷட்டர் அறுபதில் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால் அதற்குள் 13 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பாள்; ஆயிரத்தில் ஒரு பங்கானால் 8 மில்லிமீட்டருக்கும் குறைவு. முன்வீசும் கை கால்கள் உடலைவிட வேகமானவை. படச்சுருளின் காலத்தில் மாலை வெயில் சாய்ந்தபின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பெரும்பாலும் எட்டாக்கனி. ஆகவே ஒளிப்படக்காரர் ஒரு தடையின்மீது முன்கூட்டியே குவியத்தை நிறுத்திக் காத்திருப்பார். அல்லது உயரம் தாண்டுபவர் ஏறவும் இறங்கவும் செய்யாத உச்சியைப் பிடிப்பார். அல்லது ஓடுபவரோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே அழுத்துவார். ஒரு சுருளுக்கு 36 படம். அதற்குமேல் கைவசம் இருப்பது அவருடைய நிதானம் மட்டுமே.

இதனால் விளைந்த ஒரு சான்று நுட்பம் எனக்கு மிக முக்கியமாகப்படுகிறது. கேமராவை அசைக்காமல், மெதுவான ஷட்டரில் எடுத்த படத்தில் முகம் கலங்கிப்போகும். ஆனால் தரையில் ஊன்றிய பாதம் அந்தப் பொழுதுக்கு அசைவற்றது. எனவே அதுவே படத்தில் மிகத் தெளிவாக நிற்கும். வெறுங்காலா, ஆணிக் காலணியா என்பதை அதில் படிக்கலாம். ஓடுபவரோடு திருப்பி எடுத்தால் முகம் தெளியும், ஊன்றிய பாதம் இழுபட்டுக் கரையும். போட்டோ ஃபினிஷிலோ, கோட்டின்மேல் ஊன்றிய பாதம் நீண்டு பலகைபோல் ஆகிவிடும். ஒரே பாதம், மூன்று ஆவணங்கள். பத்திரிகை ஆசிரியர் ‘முகம் தெரியவில்லை’ என்று ஒதுக்கியிருக்கக்கூடிய எதிர்மறைச் சுருளில்தான் வரலாற்றாளருக்கு வேண்டிய செய்தி இருக்கிறது.

இடுக்கியின் உடும்பஞ்சோலைப் பகுதியைச் சேர்ந்த கொம்பிடிஞ்ஞாலிலிருந்து வந்தவர்கள் கே.எம். பீனாமோளும் அவர் தம்பி பினுவும். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் அக்காளுக்குத் தங்கம், தம்பிக்கு வெள்ளி. அதே மலைப்பகுதியின் முல்லக்கானத்தில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோவில் 10,000 மீட்டர் தங்கம் வென்றார். முண்டூரின் பி.யு. சித்ரா, கூலி வேலை செய்த பெற்றோரின் மகள், 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளத்தில் 1,500 மீட்டர் தங்கம் வென்றார். இவர்களைக் குறித்து நான் பார்த்த படங்கள் பெரும்பாலும் இறுதிக்கோடு, கொடி, பதக்கம், இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன. பள்ளிப் பருவத்தில் எந்தத் தரையில், எந்தக் காலோடு ஓடினார்கள் என்பதற்கான படச்சான்று மிக அரிது. ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்த சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளையும், தேவிகுளம், பீருமேடு தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழ் பேசும் அந்த எல்லைப்புறம் விளையாட்டுப் படத்தின் சட்டகத்துக்கு வெளியேதான் பெரும்பாலும் நின்றது.

சட்டகத்தை வேண்டுமென்றே திருப்பிய ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். மலையாள மனோரமாவின் ஒளிப்படக் கலைஞர் விக்டர் ஜார்ஜ், தேசிய விளையாட்டுப் போட்டி ஒன்றில் நீச்சல் வீராங்கனை அனிதா சூட் நீந்திக்கொண்டிருந்தபோது, பார்வையாளர் வரிசையில் ஆர்ப்பரித்த அவருடைய தாயைப் படமெடுத்தார். குளத்தில் நடந்ததன் வேகம் முழுவதும் அந்தத் தாயின் முகத்திலும் கைகளிலும் தெரிந்தது. அதிவேகச் செயலைப் பதிவுசெய்யச் செயலையே நோக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2001 ஜூலை 9 அன்று, இடுக்கி மாவட்டம் வண்ணப்புறத்தை அடுத்த வெண்ணியானி மலையில் நிலச்சரிவைப் படமெடுக்கச் சென்ற அவர், அதிலேயே உயிரிழந்தார்.

இன்று பெற்றோர் ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது. கைபேசிகளில் பெரும்பாலானவை படத்தை வரிவரியாகவே வாசிக்கின்றன. ஆகவே வேகமாக வீசிய மட்டை வளைந்து தெரியும். பிரான்சின் லார்ட்டீக், சிறுவனாகவே கேமரா பிடித்து 1905 வாக்கில் உறவினர் படிக்கட்டிலிருந்து தாவுவதைப் படமாக்கியவர், சில ஆண்டுகள் கழித்து எடுத்த பந்தயக் காரின் சக்கரம் சாய்ந்த முட்டையாகத் தெரிவதும் அதே வகைப் பிளவின் வேலைதான். ஆயினும் கைபேசிப் படங்கள் கைபேசியோடே அழிகின்றன. பழையவை ஸ்டூடியோக்கள் மூடப்படும்போது குப்பைக்குப் போகின்றன.

எல்லைப்புறப் பள்ளிகளில் படித்தவர்கள், கற்பித்தவர்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். வீட்டிலோ பள்ளி ஆண்டுமலரிலோ விளையாட்டு நாள் படங்கள் இருந்தால், கலங்கியவற்றையும் சேர்த்து வைத்திருங்கள். பின்புறத்தில் ஆண்டு, மைதானம், போட்டி ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். எதிர்மறைச் சுருள் கிடைத்தால் வெட்டாமல் முழுச் சுருளாகவே வையுங்கள். எந்தப் படத்துக்குப் பின் எது எடுக்கப்பட்டது என்ற வரிசை அதில்தான் இருக்கிறது.