விரிசல் விட்ட டேஷ்போர்டும் ரெக்ஸின் கடையும்

டேஷ்போர்டு என்ற பெயருக்கும் காருக்கும் ஆரம்பத்தில் சம்பந்தமே கிடையாது. குதிரை வண்டி காலத்துச் சொல் அது. ஓடுகிற குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் தெறிக்காமல் இருக்க, முன்னால் ஒரு பலகையோ தோலோ வைத்திருப்பார்கள். குதிரை போய் இன்ஜின் வந்த பிறகும் பலகை மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை. மீட்டரும் சுவிட்சும் அதில் வந்து குடியேறின.

இப்போது எதற்கு இந்த ஆராய்ச்சி என்கிறீர்களா? ஹைதராபாத்தில் நாலு வெயில் காலம் திறந்தவெளியில் காரை நிறுத்தியவர்களுக்குத் தெரியும். முன் கண்ணாடிக்குக் கீழே மயிரிழையாக ஒரு கோடு தெரியும். அடுத்த மே மாதத்தில் அது மூசி நதி மாதிரி விரிந்து, உள்ளே மஞ்சள் ஸ்பாஞ்ச் எட்டிப் பார்க்கும். எங்கள் குடியிருப்பிலேயே நாலு வண்டிகளில் பார்த்துவிட்டேன், என்னுடையதையும் சேர்த்து. (சௌமஹல்லா அரண்மனையில் நிஜாமின் 1912 ரோல்ஸ் ராய்ஸ் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். வெயிலில் நிற்கவே அவசியமில்லாத கார். அதை விடுங்கள்.)

அந்தக் காலத்துக் கார்களில் டேஷ்போர்டு மரம், பிறகு இரும்புத் தகடு. அப்பா காலத்து பிரீமியர் பத்மினியை நினைத்துப் பாருங்கள், பெரும்பகுதி பெயின்ட் அடித்த தகடுதான். விரிசலே விடாது. ஆனால் பிரேக் அடித்தால் மண்டை விரிசல் விடும். 1930களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கிளேர் ஸ்ட்ரெய்த் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். விபத்தில் டேஷ்போர்டில் மோதி முகம் சிதைந்து வருகிறவர்களுக்குத் தையல் போட்டுப் போட்டு அலுத்துப்போனவர். துருத்தும் திருகுகளை எடுங்கள், மெத்தை வையுங்கள் என்று கார் கம்பெனிகளை நச்சரித்தார். 1948இல் டக்கர் காரில் மெத்தை வைத்த டேஷ்போர்டு வந்தது. 1956இல் ஃபோர்டு அதைக் கூடுதல் காசுக்குக் கொடுத்தது. 1968இல்தான் காரின் உட்புறம் மோதலைத் தாங்க வேண்டும் என்று அமெரிக்க அரசு சட்டமாகவே வைத்தது.

மெத்தை என்றால் உள்ளே பாலியூரித்தேன் ஃபோம், மேலே பி.வி.சி. தோல். பி.வி.சி. தன்னளவில் தண்ணீர்க் குழாய் போல விறைப்பானது. 1926இல் வால்டோ செமன் என்ற வேதியியலாளர், ரப்பரை இரும்போடு ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தபோது, அதை ஒருவகை எண்ணெயோடு சேர்த்துச் சூடாக்கினால் வளையும் என்று கண்டுபிடித்தார். அந்த எண்ணெய்தான் பிளாஸ்டிசைசர். நம் பிரச்சினையின் வேரும் அதுவே. வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறும். முன் கண்ணாடியின் உள்பக்கம் படியும் மங்கலான பிசுக்கில் அதற்கும் பங்கு உண்டு. எண்ணெய் போனதும் தோல் சுருங்கும், விறைக்கும், கடைசியில் பிளக்கும். 2018இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ்! நம் ஊர் மே மாதமும் சளைத்ததில்லை.

நம் மாருதி 800 (1983) முதல் இன்றைய சின்னக் கார்கள் வரை பெரும்பாலும் கெட்டி பிளாஸ்டிக். விரலால் தட்டினால் டப்பா சத்தம் வரும். மச்சான்கள் கேலி செய்வார்கள், ஆனால் அது இப்படிப் பிளப்பது குறைவு. தொட்டால் மெத்தென்று இருக்கும் விலை உயர்ந்த கார்களுக்குத்தான் இந்த வியாதி அதிகம். அமெரிக்காவில் டொயோட்டா கார்களிலேயே டேஷ்போர்டு பிசுபிசுத்து, பிளந்து, 2010களின் நடுவில் கம்பெனி தன் செலவில் மாற்றிக் கொடுத்தது.

நமக்கு யார் மாற்றித் தருவார்? இன்சூரன்ஸ் என்று கிளம்பாதீர்கள். தேய்மானத்துக்கு பாலிசியில் பணம் கிடையாது. விபத்தில் உடைந்தாலும், தனி 'ஜீரோ டெப்' எடுக்காவிட்டால் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். பி.காம். படித்தவன் இதையாவது சொல்ல வேண்டுமே.

ஆக, ரெக்ஸின் கடை. ரெக்ஸின் என்பது இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து ஹைட் என்ற ஊர்க் கம்பெனி தன் போலித் தோலுக்கு வைத்த பெயர். துணி மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசியது. அந்தச் சரக்கு மறைந்துவிட்டது, பெயர் மட்டும் நம் சீட் கவர் கடைகளில் பி.வி.சி.க்கு ஒட்டிக்கொண்டது. ராணிகஞ்ச் ஆனாலும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஆனாலும் வேலை ஒன்றுதான். டேஷ்போர்டைக் கழற்றி, விரிசலின் விளிம்பைச் சீவி, வளைந்துகொடுக்கும் ஃபில்லர் அடைத்து, தேய்த்து, ஹீட் கன்னால் ரெக்ஸினை இளக்கி இழுத்து ஒட்டுவார்கள். பசையில்தான் சூட்சுமம். சீட்டுக்குப் போடும் சாதாரண ரப்பர் பசை 69 டிகிரியில் இளகும். குழிவான இடங்களில் ரெக்ஸின் பலூன் போல எழும்பும். சூடு தாங்கும் பசை போடச் சொல்லி, கூடக் கேட்கிற காசைக் கொடுத்துவிடுங்கள். அதில் பேரம் வேண்டாம்.

இது சில ஆயிரங்கள் ஆகும் வேலை. சில நூறில் முடிக்க வேண்டுமென்றால், பிளவில் கறுப்பு சிலிகான் அடைத்து மேலே அளவெடுத்த துணி விரிப்பு போடலாம். அழகு கிடையாது, வெயில் படாது. என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் ஒன்று. வலது பக்கம் ஸ்டியரிங் உள்ள நம் கார்களில் பயணி இருப்பது இடது பக்கம். அந்த டேஷ்போர்டுக்குள் இப்போது ஏர்பேக் இருக்கிறது. 2021 முதல் முன் பயணிக்கும் அது கட்டாயம். மூடியின் அடியில், கண்ணுக்குத் தெரியாமல், கிழிவதற்கென்றே மெலிந்த கோடு வைத்திருப்பார்கள். இமைக்கும் நேரத்துக்குள் பை அதைக் கிழித்து வர வேண்டும். அதன் மேல் தடித்த ரெக்ஸினை இழுத்து ஒட்டினால் பை திசை மாறலாம், தாமதமாகலாம், இல்லை ஃபில்லர் கட்டி முகத்தில் பறந்து வரலாம். ஸ்ட்ரெய்த் டாக்டர் எந்த முகங்களுக்காகப் போராடினாரோ அதே முகம், இடது சீட்டில் உட்காரும் உங்கள் மனைவியுடையது அல்லது அம்மாவுடையது.

'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்று எழுதிய பகுதியில் விரிசல் இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் காட்ட வேண்டும். விரிப்பு போட்டாலும் அந்தப் பகுதியை விட்டு வெட்டச் சொல்லுங்கள். டேஷ்போர்டைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். இது தெரியாமல் நேராக ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கிற கடை என்றால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.